சென்னை – லண்டன்: நேரடி விமானமா, துபாய் வழியா?

அம்மாவைத் தனியாக லண்டனுக்கு அனுப்பும் பொறுப்பு வந்தபோது இரண்டு வழிகளையும் எடைபோட்டு, நேரடி விமானத்தையே தேர்ந்தெடுத்தேன். துபாய் வழியாக நானே போய் வந்திருப்பதால் அதை ஒதுக்கியதற்குக் காரணம் சொல்ல முடியும்.

சென்னைக்கும் லண்டனுக்கும் வான்வழித் தூரம் ஏறத்தாழ 8,200 கி.மீ. துபாய் வரை 2,900, அங்கிருந்து லண்டனுக்கு 5,500 என்று கூட்டினால் 8,400. அதிகமாகப் பறப்பது 200 கி.மீ.தான், விமானத்துக்கு அது கால் மணி நேர வேலை. அந்தக் குறுகிய நேர்ப்பாதையும் இப்போது வரைபடத்தில்தான் இருக்கிறது. அது உக்ரைன் மேலே போகிறது. 2022 பிப்ரவரியிலிருந்து அந்த வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. ஆகவே நேரடி விமானமும் சுற்றித்தான் போகிறது.

அப்படியிருந்தும் நேரடியாகப் போனால் 11 மணி நேரத்தை ஒட்டி முடிகிற பயணம், துபாய் வழியில் 14, 15 என்று நீள்கிறது. நேரத்தைத் தின்பது நடுவில் இறங்கி ஏறும் படலம். தரையிறங்க அரை மணிக்கு முன்பே விமானம் தாழத் தொடங்கிவிடும். பிறகு ஓடுபாதையிலிருந்து ஊர்ந்து வர வேண்டும், மறுபடி பாதுகாப்புச் சோதனை. குடிக்காமல் வைத்திருந்த தண்ணீர் பாட்டில் அங்கே குப்பைக்குப் போகும். அடுத்த விமானத்தின் வாயில் வேறு பகுதியில் இருந்தால் நிலையத்துக்குள்ளேயே ரயில் ஏற வேண்டும். பழகியவருக்கு இதெல்லாம் பொழுதுபோக்கு. முட்டிவலியோடு, அறிவிப்புப் பலகையில் வாயில் எண் மாறியதைக் கவனிக்காமல் உட்கார்ந்திருக்கும் அறுபத்தைந்து வயதுக்காரருக்கு அப்படியல்ல. சக்கர நாற்காலி கேட்டால் தருவார்கள்; ஆனால் தள்ளிச் செல்பவருக்காகக் காத்திருக்கும் நேரமும் அந்த இடைவெளிக்குள்தான் அடங்க வேண்டும்.

எனவே துபாய் வழி என்றால் மொத்தப் பயண நேரத்தைப் பார்ப்பதைவிட இடைவெளியைப் பாருங்கள். ஒன்றரை மணி நேரம் என்றால் முதல் விமானம் முக்கால் மணி தாமதமானாலே ஓட்டம்தான். மூன்று மணி இருந்தால் நிம்மதி. இரண்டு பயணங்களும் ஒரே டிக்கெட்டில் இருப்பது அதைவிட முக்கியம். அப்போது பெட்டி நேராக லண்டனுக்குப் போய்விடும். விமானம் தவறினாலும் மாற்று ஏற்பாடு விமான நிறுவனத்தின் பொறுப்பு. மலிவு என்று தனித்தனியாக வாங்கினால் இரண்டும் உங்கள் தலையில்.

கட்டணத்தில் துபாய் வழிக்கே பெரும்பாலும் சாதகம். விமானங்களும் அதிகம் என்பதால் புறப்படும் நேரத்தை நம் வசதிக்குத் தேர்ந்தெடுக்கலாம். கைப்பையோடு போகும் இளைஞருக்கு நான் அதைத் தடுக்க மாட்டேன். கொழும்பு வழி வேறு கணக்கு: முதலில் தெற்கே போய்த் திரும்புவதால் தூரமே ஆயிரம் கி.மீ.க்கு மேல் கூடிவிடுகிறது. தோஹா வழியில் நான் போனதில்லை. வரைபடத்தைப் பார்த்தால் துபாய்க் கணக்குதான் அதற்கும் பொருந்தும் என்று தோன்றுகிறது.

திரும்பி வரும்போது மேலைக்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் நேரடி விமானம் போனதைவிடச் சீக்கிரமே சென்னையைத் தொட்டுவிடும்.