சயனோடைப்புக்கு மலிவான காகிதம் எது?

சயனோடைப் போட ஆரம்பிப்பவர்கள் முதலில் ரசாயனத்தை நினைத்துத்தான் கவலைப்படுகிறார்கள். காகிதத்தில் ரசாயனம் பூசி, வெயிலில் வைத்து, தண்ணீரில் அலசி நீலப் படம் எடுக்கும் முறை இது; ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்தார். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு, இரண்டையும் கலந்து பூசினால் முடிந்தது. காலை வாருவது பெரும்பாலும் காகிதம்தான்.

படத்தில் வரும் அந்த நீலத்துக்குப் பிரஷ்யன் நீலம் என்று பெயர். அதற்குக் காரத்தன்மை ஆகாது. இன்று கடையில் கிடைக்கும் காகிதங்கள் பலவற்றில் கால்சியம் கார்பனேட், அதாவது காரத்தன்மையுள்ள சுண்ணாம்புத் தூள், சேர்த்திருக்கும். வெண்மைக்கும் நீண்ட ஆயுளுக்கும் அது நல்லது. நம் நீலத்தை மட்டும் அரித்துவிடும். ஹானமூலே பிளாட்டினம் ராக், ஆர்ஷ் பிளாட்டின் போன்றவை சுண்ணாம்பு சேர்க்காமல் இந்த வேலைக்கென்றே செய்கிற தாள்கள். அருமையானவைதான், ஆனால் பழகும் காலத்தில் அந்த விலைத் தாளில் தைரியமாகப் பிரஷ்ஷை வைக்க முடியாது.

ஜெராக்ஸ் பேப்பர் வேண்டவே வேண்டாம். வேப்பங்கொத்து ஒன்றை வைத்து எடுத்துப் பார்த்தேன். அலசும் தொட்டியில் இருந்தபோது ஒவ்வொரு இலையின் ரம்பப் பல்லும் தெரிந்தது, சுற்றிலும் நல்ல அடர்நீலம். தூக்கும்போதே ஒரு மூலை கையோடு வந்துவிட்டது. மறுநாள் காலையில் மிச்சமும் பலமுறை துவைத்த சட்டை மாதிரி வெளிறிக் கிடந்தது. சோதனைத் துண்டுக்குக்கூட இது உதவாது, ஏனென்றால் தாள் மாறினால் வெயிலில் வைக்கும் நேரமும் மாறும்.

ஸ்டேஷனரி கடை டிராயிங் ஷீட் பரவாயில்லை ரகம். தண்ணீரைக் கொஞ்சம் தாங்கும், ஆனால் பிரஷ்ஷை இரண்டாவது முறை இழுத்தால் மேற்பரப்பு நூல் நூலாக எழும்பும்.

மாணவர்களுக்கான 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) வாட்டர்கலர் பேடில்தான் நிம்மதி. மரக்கூழ்தான், பருத்தி இல்லை. இருந்தாலும் தண்ணீரில் ஊறுவதற்கென்றே செய்தது. பசை ஏற்றியிருப்பதால் கரைசல் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும், வெளிச்சமும் அங்கேதானே படுகிறது. கேன்சன் எக்ஸ்எல் போன்றவற்றைப் பலரும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். நெகட்டிவ் வைத்து முகங்களை எடுக்க நான் இதைத்தான் சொல்வேன். சொரசொரப்பு குறைந்த பக்கம் எது என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பூசுங்கள்.

புதுச்சேரி கைவினைக் காகிதம் என் மனதுக்கு நெருக்கமானது. பருத்திக் கழிவில் செய்தது, ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும், நீலம் அதில் வெல்வெட் மாதிரி உட்காரும். சிக்கல் என்னவென்றால், பசை குறைவான தாள் கரைசலை மை ஒற்றும் தாள் போலக் குடித்துவிடும். மலிவாக வாங்கிய காகிதத்தின் லாபம் அங்கே போய்விடும். கூவைக்கிழங்கு மாவில் நீர்க்கக் கஞ்சி காய்ச்சி, வேட்டிக்குப் போடுவது போல ஒரு பூச்சு கொடுத்துக் காயவைத்தால் குடிப்பது குறையும். ஒரு கட்டுக்கும் அடுத்த கட்டுக்கும் குணம் மாறும் என்பதையும் மனதில் வையுங்கள். இலை, பூ, இறகு எடுக்க அது குறையே இல்லை. முகத்துக்கு நான் துணிய மாட்டேன்.

எதை வாங்கினாலும் முதலில் ஒரு தாள் மட்டும் வாங்குங்கள். கால் டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் சிட்ரிக் அமிலம் கரைத்து ஒரு சொட்டு விட்டு, காதருகே வைத்துக் கேளுங்கள். மெல்லிய ‘ஸ்ஸ்’ சத்தமோ நுரையோ வந்தால் சுண்ணாம்பு இருக்கிறது. தாள் பிடித்துப்போய்விட்டதென்றால் விட வேண்டியதில்லை: இன்னும் நீர்த்த சிட்ரிக் கரைசலில் குமிழி அடங்கும்வரை ஊறவைத்து, அலசி, காயவைத்துப் பூசலாம். அப்புறம், பூசிய துண்டை இருட்டில் ஒரு மணி நேரம் வையுங்கள். வெயில் படாமலே நீலம் பாய்ந்தால் அந்தத் தாளை ஒதுக்கிவிடலாம். மஞ்சள் கலந்த பச்சையாகவே நின்றால் மறுநாளே பேடாக வாங்கலாம்.