இன்ஃப்ரா சப்போர்ட் வேலை: மருத்துவத் தொழில்நுட்ப நிறுவனமா, பொது ஐடி நிறுவனமா?

சர்வர், நெட்வொர்க்கைப் பராமரிக்கும் இந்த வேலைக்கு இரண்டு ஆஃபரும் கையில் இருக்கிறது, எதை எடுப்பது என்று யோசிப்பவர்களுக்கு:

சர்வர் நின்றால்
பொது ஐடி: டிக்கெட் குவியும், வாடிக்கையாளர் கோபப்படுவார்.
மருத்துவம்: ரத்தப் பரிசோதனை முடிவு திறக்காமல் வார்டில் மருத்துவர் காத்திருப்பார். இந்த அழுத்தம் வேறு ரகம்.

பேட்ச் (மென்பொருள் திருத்தம்) போடுவது
பொது ஐடி: வார இறுதியில் போட்டு ரீபூட் செய்தால் சரி.
மருத்துவம்: மருத்துவமனைக்கு வார இறுதி கிடையாது. ஸ்கேன் கருவியோடு இணைந்த கணினிக்குத் தயாரிப்பாளரின் ஒப்புதல் வரும்வரை பேட்ச் போட முடியாமல் போகலாம். அதுவரை அதைத் தனி விலானில் (நெட்வொர்க்கில் பிரித்துவைத்த பகுதியில்) ஒதுக்கிக் காக்க வேண்டும்.

கற்பது
பொது ஐடி: கிளவுட், ஆட்டோமேஷன் சீக்கிரம் கைவரும்.
மருத்துவம்: கூடவே ஹெச்எல்7 (மருத்துவத் தகவல் பரிமாறும் தரநிலை), டைகாம் (ஸ்கேன் படங்களுக்கான தரநிலை). ஸ்கேன் படம் வரவில்லை என்றால் பிங் (கருவி நெட்வொர்க்கில் பதில் தருகிறதா என்ற சோதனை) மட்டும் போதாது. டைகாம் வழக்கமாகப் பயன்படுத்தும் போர்ட் 104 அல்லது 11112 திறந்திருக்கிறதா, ஏஇ டைட்டில் (டைகாமில் கருவியை அடையாளம் காட்டும் பெயர்) பொருந்துகிறதா என்று பார்க்கணும். ஓர் எழுத்து மாறினாலும் இணைப்பு மறுக்கப்படலாம். அப்புறம், லாகில் (கணினியின் நிகழ்வுப் பதிவில்) நோயாளி பெயர் இருக்கும். அப்படியே டிக்கெட்டில் ஒட்டவே கூடாது.

புதுக் கருவிகளில் வேகமாக வளர நினைத்தால் பொது ஐடி. பொறுமையும் இரவு அழைப்புக்கு எழும் மனமும் இருந்தால் மருத்துவம்; என் ஓட்டு அதற்கே.