சொந்தத் துப்பாக்கியா, அப்பாவின் பூட்டிலா?

அமெரிக்கக் கிராமங்களில் ஏழெட்டு வயதுப் பையனுக்கு .22 ரைஃபிள் (சிறு தோட்டா போடும் நீளத் துப்பாக்கி) பரிசாகக் கிடைப்பது அதிசயமில்லை. நம்மூரில் சைக்கிள் மாதிரி. கைத்துப்பாக்கிக்கு 18 வயது ஆக வேண்டும் என்கிறது மத்தியச் சட்டம், அதிலும் விலக்குகள் உண்டு. ரைஃபிள் வைத்திருக்க அந்தச் சட்டத்தில் வயது வரம்பே கிடையாது.

பிள்ளைக்கே சொந்தமாகக் கொடுத்தால் பொறுப்பு வரும், துடைத்து எண்ணெய் போடப் பழகுவான் என்பார்கள். சரி. ஆனால் ‘என்னுடையது’ என்று ஆகிவிட்ட பொருள் பூட்டுக்குள் தங்குமா? 2013இல் கென்டக்கியில் ஐந்து வயதுப் பையன், தனக்குப் பரிசாக வந்த சிறுவர் ரைஃபிளால் இரண்டு வயதுத் தங்கையைச் சுட்டுவிட்டான். அது சுவர் மூலையில் சாத்தியிருந்தது. உள்ளே ஒரு தோட்டா மிச்சமிருந்தது பெற்றோருக்குத் தெரியாது. (அந்த வகை ரைஃபிள் இளஞ்சிவப்பு நிறத்தில்கூட விற்கிறது!)

வயது கூடினால் ஆபத்து குறையும் என்றும் இல்லை. 2021 நவம்பரில் மிச்சிகனில் 15 வயது மகனுக்குப் பெற்றோர் வாங்கித் தந்த கைத்துப்பாக்கி, நாலே நாளில் அவன் பள்ளியில் நான்கு மாணவர்களின் உயிரைப் பறித்தது. 2024இல் பெற்றோர் இருவருக்கும் 10 முதல் 15 ஆண்டு சிறை.

இன்னொரு வழியில் துப்பாக்கி அப்பா, அம்மாவுடையது. தோட்டா வேறு பெட்டியில், இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு. வேட்டைக்கோ பயிற்சிக்கோ போகும்போது மட்டும், பக்கத்தில் பெரியவர் நிற்க, பிள்ளை கையில் வரும். குறிபார்க்கவும் துடைக்கவும் இதிலும் கற்றுக்கொள்ளலாம். பிறந்தநாளன்று பையன் முகம் கொஞ்சம் வாடும், அவ்வளவுதான். என் ஓட்டு இதற்கே.