கையடக்க அகராதியில் ‘ஸ்டெடி’ என்ற சொல்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரப் புத்தகக் கடையொன்றில் 850 ரூபாய் கொடுத்து வாங்கிய கையடக்க ஆங்கில-தமிழ் அகராதியொன்றை, சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் என் மகளும் நானும் நான்கு வாரங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். அகராதியை எடைபோட அருஞ்சொற்களைத் தேடிப் பார்ப்பது பலரது வழக்கம். நானோ, எல்லோரும் தமக்குத் தெரியும் என்று நினைக்கும் எளிய சொல்லொன்றை எடுத்துப் பார்ப்பேன். இம்முறை எடுத்தது ‘ஸ்டெடி’.

‘நிலையான, உறுதியான, ஸ்திரமான’ என்று மூன்று சொற்கள் இருந்தன, அவ்வளவுதான். மூன்றும் பிழையல்ல. ஆயினும் அவை அசையாத பொருளுக்கே இயல்பாகப் பொருந்துவன. இந்த ஆங்கிலச் சொல்லோ அசைவோடும் நெருங்கிய உறவுடையது. இரணைமடுவிலிருந்து வாய்க்கால் வழியே கூடாமலும் குறையாமலும் ஓடிவரும் தண்ணீருக்கும், மார்கழி இரவில் விட்டுவிடாமல் ஒரே சீராகப் பெய்யும் மழைக்கும், ஏற்ற இறக்கமில்லாத நெல் விலைக்கும், ஊசி ஏற்றும்போது நடுங்காத தாதியின் கைக்கும் இதே சொல்தான். அகராதியை நம்பி ஒரு பிள்ளை ‘நிலையான மழை’ என்று மொழிபெயர்த்தால் குற்றம் பிள்ளையுடையதன்று.

இதைவிடப் பெரிய குறை, ‘ஸ்டேபிள்’ என்ற சொல்லுக்கும் அதே மூன்று சொற்களையே கொடுத்திருப்பது. “இரண்டும் ஒன்றென்றால் ஏன் அப்பா இரண்டு சொல்?” என்று மகள் கேட்டாள். ஒரு நோயாளி ‘ஸ்டேபிள்’ என்று வைத்தியர் சொன்னால், அவரது நிலைமை இப்போதைக்கு மோசமடையாமல் இருக்கிறது என்று பொருள். அவரது நாடித்துடிப்பு ‘ஸ்டெடி’ என்றால், அது ஒரே சீராக அடிக்கிறது என்று பொருள். இந்த வேறுபாட்டை மேலும் தெளிவாகக் காட்டுவது கப்பல்காரர் வழக்கு. சுக்கான் பிடிப்பவரிடம் ‘ஸ்டெடி’ என்று கட்டளையிட்டால், கப்பலை நிறுத்து என்பதன்று, இப்போது போகும் திசையிலேயே வைத்திரு என்பதே கருத்து. கப்பல் ஓடுகிறது, திசை மாறவில்லை. முல்லைத்தீவில் கடலுக்குப் போகும் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

வேலையைப் பற்றிச் சொல்லும்போதும் கவனம் வேண்டும். ‘ஸ்டெடி’யான வேலை என்பது இடையறாது கிடைத்துக்கொண்டிருக்கும் வேலை. அது நிரந்தர நியமனமாக இருக்க வேண்டியதில்லை. அந்த வேறுபாட்டைத் தொண்டர் ஆசிரியராக இருந்தவர்களிடம் கேட்டால் விரிவாகச் சொல்வார்கள்.

இச்சொல் வினையாகவும் வரும் என்பதை அகராதி குறிப்பிடவேயில்லை. ஏணி ஆடாமல் பிடிப்பதும், தடுமாறியவர் கதவு நிலையைப் பற்றித் தன்னைத் திடப்படுத்திக்கொள்வதும் இதே சொல்லால் ஆகும். ஒருவரையே தொடர்ந்து காதலிப்பதைக் குறிக்கும் வழக்கும் விடுபட்டுள்ளது. பதினாறு வயது மகளுக்கு அருகில் இருந்து புரட்டிய தகப்பன் என்ற வகையில் அதற்காக நான் வருந்தவில்லை. உச்சரிப்பைத் தமிழில் ‘ஸ்டடி’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் மன்னிக்க இயலாது. அது படிப்பைக் குறிக்கும் வேறு சொல்.

நல்லதையும் சொல்ல வேண்டும். தைத்துக் கட்டிய புத்தகம். எழுத்து சிறிதானாலும் தெளிவு. சில சொற்களுக்கு வேர் காட்டும் ஒருவரிக் குறிப்பும் உண்டு. ‘ஸ்டெடி’க்குள் இருக்கும் ‘ஸ்டெட்’ இடம் என்று பொருள்படும் பழஞ்சொல் என்பதையும், ‘பதிலாக’ என்று நாம் படிக்கும் ‘இன்ஸ்டெட்’ உண்மையில் ‘அவ்விடத்தில்’ என்பதே என்பதையும் அங்கேதான் மகள் அறிந்தாள். வடமொழியின் ‘ஸ்திதி’யும் அதே பழைய வேரிலிருந்து வந்தது என்று நான் சேர்த்துச் சொன்னேன். தமிழ் ‘நிலை’யோ ‘நில்’ என்பதிலிருந்து பிறந்தது.

வாசித்து விளங்கிக்கொள்ளும் வினாக்களுக்கு இந்த அகராதி போதும். கட்டுரை எழுதுவோர், எடுத்துக்காட்டு வாக்கியங்களுடன் வரும் மாணவர் அகராதி ஒன்றையும் அருகில் வைத்திருக்க வேண்டும். மழைக்கும் வாய்க்காலுக்கும் ‘சீரான’ என்பதும், விலைக்கு ‘தளம்பாத’ என்பதும் எங்களுக்குப் பொருத்தமாகப் பட்டன. நிறைகுடம் தளம்பாது என்று நாள்தோறும் சொல்லும் நமக்கு இந்தச் சொல் அகராதியில் இல்லாதது வியப்புத்தான். இரண்டையும் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறோம். கப்பலை எழுத இடம் போதவில்லை.