ஒருநாள் பயிலரங்கா, ஆறுவார வகுப்பா, பணிநாளா: நகரத்தில் தோட்டக்கலை கற்க எதைத் தேர்ந்தெடுப்பது?

நகரத்தில் குடியிருந்துகொண்டு காய்கறி வளர்க்கக் கற்க விரும்புகிறவருக்குப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. விடுமுறை நாளொன்றில் மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும் ஒருநாள் பயிலரங்கு முதலாவது. வாரம் ஒரு முறை கூடி ஆறு வாரங்கள் நடக்கும் வகுப்பு இரண்டாவது. குடியிருப்பாளர்கள் சேர்ந்து பராமரிக்கும் சமூகத் தோட்டத்தில் வாரந்தோறும் நடக்கும் பணிநாள் மூன்றாவது. அங்கே ஆசிரியர் என்று தனியாக எவரும் இருப்பதில்லை, பக்கத்துப் பாத்தியில் களை எடுப்பவரிடமிருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும். மூன்று பயிலரங்குகள், ஒரு ஆறுவார வகுப்பு, இரண்டு பருவங்கள் முழுக்கப் பணிநாட்கள் என்று மூன்றிலும் இருந்து பார்த்த பிறகு, என் சனிக்கிழமைக் காலைகளைப் பணிநாளுக்கே ஒதுக்கிவிட்டேன். ஆகவே இந்த அலசலில் சாய்வு உண்டு. அந்தச் சாய்வு எதனால் வந்தது என்பதைத்தான் விளக்க முயல்கிறேன்.

கட்டணத்தையும் நேரத்தையும் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. பயிலரங்கு குறைந்த நேரத்தைக் கேட்கும். வகுப்புக்கு மற்ற இரண்டையும்விடச் செலவு கூடுதல். பணிநாள் பெரும்பாலும் இலவசமாகவோ சிறு சந்தாவுடனோ நடக்கும், ஆனால் முதுகை வளைத்து வேலை செய்ய வேண்டும். புதியவர்களின் அறிமுகம் மூன்றிலும் கிடைக்கும். இவற்றை மட்டும் வைத்து முடிவெடுக்கலாம் என்றுதான் நானும் தொடக்கத்தில் நினைத்தேன்.

ஆனால், ஒரு சந்திப்புக்கும் அடுத்த சந்திப்புக்கும் நடுவில் இருக்கும் நாட்களில் செடியை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற கேள்வியே என் முடிவைத் தீர்மானித்தது. தக்காளியை எடுத்துக்கொள்வோம். விதை முளைக்க 5 முதல் 10 நாட்கள், நாற்று தேறி நடவுக்கு வர 4 முதல் 6 வாரங்கள், நட்டபின் முதல் பழம் பழுக்க இரகத்தைப் பொறுத்து 60 முதல் 80 நாட்கள் ஆகின்றன. கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ நூறு நாட்களுக்கும் மேல் வருகிறது. இந்த நூறு நாட்களில் பயிலரங்கு நமக்குக் காட்டுவது ஒரே ஒரு நாளை. வகுப்பு காட்டுவது ஆறு நாட்களை. மிச்சமிருக்கும் நாட்களில்தான் இலை சுருளுகிறது, சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி அடைகிறது, தண்ணீர் கூடுகிறது, குறைகிறது. தோட்டக்கலையில் கற்க வேண்டியவற்றில் பெரும்பகுதி அந்த நாட்களில் கிடக்கிறது.

பயிலரங்குகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. விதையை அதன் பருமனைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்துக்கு மேல் புதைக்கக் கூடாது என்பதையும், தொட்டிக்கு வெறும் மண் ஆகாது, நீர் வடியும்படியான கலவை வேண்டும் என்பதையும், விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதையும் ஒரே காலையில் தெளிவாகக் கற்றுக்கொடுத்துவிட முடியும். கையில் மண் படாமலே வளர்ந்தவருக்கு அச்சம் தெளிய அந்த ஒரு காலை போதும். குறிப்பிட்ட ஒரு நுட்பத்துக்கு, உதாரணமாக ஒட்டுக் கட்டுவதற்கோ கிளைகளை வெட்டிக் கவாத்து செய்வதற்கோ, பயிலரங்கைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆயினும் முதல் பயிலரங்கிலிருந்து நான் கொண்டுவந்த நாற்றுத் தட்டின் கதி இதுதான். பன்னிரண்டு குழிகளில் பதினொன்று முளைத்தன. தினமும் தண்ணீர் தெளிக்கச் சொன்னார்கள், தெளித்தேன். மண் எப்போதும் கறுத்து ஈரமாகவே இருந்தது. ஒன்பதாம் நாள் காலை நான்கு நாற்றுகள் சாய்ந்து கிடந்தன. இலை பச்சையாகவே இருந்தது, ஆனால் மண்மட்டத்தில் தண்டு நூலாக மெலிந்து, நீர் கோத்தாற்போல் கருகியிருந்தது. இரண்டு நாட்களில் மற்றவையும் போயின. அது நாற்றழுகல் என்பதும், ஓயாத ஈரத்தில் பெருகும் பூசண வகை நுண்ணுயிரிகளால் வருவது என்பதும், மேல்மண்ணைக் காயவிட்டு, தட்டின் அடியிலிருந்து நீர் ஏற்றி, காற்றோட்டம் கொடுத்திருந்தால் பலவற்றைக் காப்பாற்றியிருக்கலாம் என்பதும் பல மாதங்கள் கழித்தே எனக்குத் தெரியவந்தன. நடத்தியவரிடம் தவறு இல்லை. நான்கு மணி நேரத்தில் அவர் எல்லாவற்றையும் சொல்லியிருக்க முடியாது. ஒன்பதாம் நாள் அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட எனக்கு ஓர் இடம் இல்லாததே குறை.

ஆறுவார வகுப்பின் பலம் ஒழுங்கு. கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே குடும்பம், அதனால் ஒன்றை எடுத்த பாத்தியில் மற்றொன்றை உடனே நடக் கூடாது என்பதை அங்கேதான் காரணத்தோடு கற்றேன். மண்ணின் கார அமிலத்தன்மை (pH) 6 முதல் 7 வரை இருந்தால் பெரும்பாலான காய்கறிகளுக்கு ஏற்றது என்பதையும், அந்த அளவு தவறினால் மண்ணில் சத்து இருந்தும் வேர் அதை எடுக்க முடியாமல் போவதையும் அங்கேதான் புரிந்துகொண்டேன். நகர மண்ணுக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் அங்கே கிடைத்தது. பழைய வண்ணப்பூச்சு உதிர்ந்த சுவரோரங்களிலும், முன்பு ஈயம் கலந்த பெட்ரோல் புகை படிந்த சாலையோரங்களிலும் மண்ணில் ஈயம் தங்கியிருக்கக்கூடும். அத்தகைய இடத்தில் மண்ணைப் பரிசோதிக்காமல் கீரையும் கிழங்கும் போடக் கூடாது, வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து மேட்டுப்பாத்தி அமைப்பதே பாதுகாப்பு. இத்தகைய அடிப்படைகளை முறையாகச் சொல்லித்தருவதில் வகுப்பே முதலிடம் பெறுகிறது. பணிநாளில் இவை தற்செயலாகத்தான் காதில் விழும்.

ஆனால் அந்த ஆறு வாரங்களிலும் பாத்திகளுக்குத் தண்ணீர் ஊற்றியவர் அங்கே வேலை பார்த்த ஒருவர். நாங்கள் வாரம் ஒரு முறை வந்து, ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் செடியைச் சுற்றி நின்று பார்த்தோம். முள்ளங்கி 25 முதல் 30 நாட்களில் வந்துவிடுவதால் அதை மட்டும் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோனோம். தக்காளி முதல் பூ விட்ட வாரத்தில் வகுப்பு முடிந்து சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். காயின் அடிப்பகுதி கறுத்துக் குழிந்துபோகும் நோயைப் பற்றி, அது சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். அது தவறான செய்தி அன்று, ஆனால் பாதிச் செய்தி. மறு ஆண்டு சமூகத் தோட்டத்தில் அதே கறுத்த காய்களைக் கண்டபோது நான் சுண்ணாம்பைத் தேடிப் புறப்பட்டேன். அங்கிருந்தவர்கள், யார் எந்த நாள் தண்ணீர் ஊற்றுவது என்ற முறைப்பட்டியலைப் பார்க்கச் சொன்னார்கள். மண்ணில் சுண்ணாம்புச் சத்து போதுமான அளவு இருந்தாலும் அது நீரோடு சேர்ந்துதான் காய்க்குப் போய்ச் சேரும், மூன்று நாள் காயவிட்டு நான்காம் நாள் வெள்ளமாகப் பாய்ச்சினால் போய்ச் சேராது. பட்டியலைச் சரிசெய்து, மண்ணை மூடி மூடாக்குப் போட்டு ஈரத்தை ஒரே சீராக வைத்தபின் வந்த காய்களில் அந்தக் கறுப்பு இல்லை. உரக்கடையில் தேடியிருந்தால் எனக்கு இந்த விடை கிடைத்திராது.

இனிப் பணிநாளைப் பற்றி. எங்கள் தோட்டத்தில் கருவி அறைக் கதவின் உட்புறம் ஒரு நோட்டுப் புத்தகம் கயிற்றில் தொங்குகிறது. தண்ணீர் ஊற்ற வருகிறவர் நாள், பாத்தி எண், தாம் கண்டது ஆகிய மூன்றையும் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். "4ஆம் பாத்தி அவரை, தளிரில் அசுவினி, எறும்பும் ஏறுகிறது" என்று செவ்வாய்க்கிழமை ஒருவர் எழுதினால், வியாழக்கிழமை வருகிறவர் அதைப் படித்துவிட்டு அந்தச் செடியைப் பார்ப்பார், சனிக்கிழமை எல்லோரும் பார்ப்போம். அசுவினி சுரக்கும் இனிப்புநீருக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கின்றன என்பதை நான் அந்த வரியிலிருந்தே அறிந்துகொண்டேன். அதே செடியில் முதலையைச் சிறிதாக்கியதுபோல் கறுப்பும் செம்மஞ்சளுமாக ஊர்ந்த ஒரு புழுவை நான் நசுக்கப் போனபோது, எதிர்வரிசையில் இருந்த அம்மையார் கையைப் பிடித்துவிட்டார். "நசுக்கிடாதீங்க தம்பி, அது பொறிவண்டோட குஞ்சு. அசுவினியைத் தின்னத்தான் வந்திருக்கு" என்றார். வளர்ந்த பொறிவண்டின் படத்தை வகுப்பில் காட்டியிருந்தார்கள். இந்தப் புழுப் பருவத்தில் அது எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாததால் அதற்கு முன் எத்தனையைக் கொன்றிருப்பேனோ என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். பருவ முடிவில் அவரைச் செடியையும் தக்காளிச் செடியையும் வேரோடு பிடுங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டு வேர்களிலும் உருண்டை உருண்டையாகத் தெரிந்தது. அவரை வேரில் இருந்தவை விரலால் தேய்த்ததும் உதிர்ந்தன. ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம். அவை காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்தும் பாக்டீரியாக்கள் குடியிருக்கும் வேர்முடிச்சுகள். அந்தச் சிவப்பு அவை உயிர்ப்போடு வேலை செய்வதற்கு அடையாளம். தக்காளி வேரில் இருந்தவையோ எவ்வளவு தேய்த்தாலும் உதிரவில்லை, ஏனெனில் அவை வேரே வீங்கிப் போனவை, வேருக்குள் புகும் நுண்ணிய நூற்புழுவின் வேலை. படத்தில் இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும், விரல்தான் வேறுபாட்டைச் சொல்லும். அடுத்த பருவம் அந்தப் பாத்தியில் தக்காளிக் குடும்பத்தில் எதையும் நடாமல், நூற்புழுவைக் குறைக்கும் என்பதால் செண்டுமல்லியை நெருக்கமாக நட்டுவிட்டோம். இப்படி ஒரு பருவத்தின் தவறு அடுத்த பருவத்தின் முடிவுக்குக் காரணமாக அமைவதை ஆறு வாரத்தில் முடியும் எந்த வகுப்பாலும் காட்ட முடியாது.

மட்கு உரமும் அப்படித்தான். பச்சைக் கழிவையும் காய்ந்த சருகையும் அடுக்கடுக்காகப் போடுவதைப் பயிலரங்கில் பத்து நிமிடத்தில் செய்து காட்டுவார்கள். கார்பனும் நைட்ரஜனும் 25 அல்லது 30க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்றும் சொல்வார்கள். குவியல் சில நாட்களில் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி, கிளறும்போது ஆவி மேலெழுந்து முகத்தில் அடிப்பதைப் பணிநாளில்தான் உணர முடியும். நெடியடித்தால் பச்சைக் கழிவு மிகுந்துவிட்டது, சருகு சேர்க்க வேண்டும். அழுகிய முட்டைபோல் நாறினால் உள்ளே காற்றில்லை, கிளறிவிட வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் கசிய வேண்டும். மூக்கும் கையும் இதற்குப் பழகப் பல வாரங்கள் பிடித்தன.

பணிநாளின் குறைகளையும் மறைக்கக் கூடாது. முதல் ஐந்து சனிக்கிழமைகள் நான் களை எடுத்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. ஏன், எதற்கு என்று எவரும் விளக்கவுமில்லை. கற்பதெல்லாம் கூட வேலை செய்கிறவர்களைப் பொறுத்தது. அவர்கள் தவறாகப் பிடித்துவைத்திருப்பதும் நம்மிடம் தொற்றும். முறைப்பட்டியலும் தவறியதுண்டு. கடும் வெயில் காலத்தில் இருவர் முறை மாற்றிக்கொண்டதாக நினைத்துக்கொண்டு இருவருமே வராமல் போக, மூன்று நாட்கள் தண்ணீரின்றிக் கீரைப்பாத்தி முழுவதும் கருகிவிட்டது. அந்த இருவரில் ஒருவன் நான். அதன் பிறகுதான் முறை மாற்றினால் நோட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்ற விதி வந்தது. விளைச்சலைப் பங்கிடுவதிலும் மனத்தாங்கல் வருவதுண்டு. சேரும் முன்பே அதற்கான முறையைக் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

சமூகத் தோட்டம் நிலைப்பது தொடக்க உற்சாகத்தால் அன்று, இத்தகைய சலிப்பூட்டும் முறைவேலையால்தான் என்பதற்கு நியூயார்க்கில் ஒரு சான்று இருக்கிறது. 1973இல் லிஸ் கிறிஸ்டி என்ற பெண்மணியும் அவருடைய தோழர்களும் தரிசாகக் கிடந்த மனைகளின் வேலிகளுக்கு மேலாக விதை உருண்டைகளை வீசிவந்தனர். பிறகு குப்பை குவிந்துகிடந்த ஒரு தெருமுனை மனையை அவர்களே துப்புரவு செய்து, மண் போட்டுப் பாத்திகள் அமைத்தனர். அவர் பெயரையே தாங்கியிருக்கும் அந்தத் தோட்டத்தை இன்றும் தன்னார்வலர்களே பராமரிக்கிறார்கள்.

இணையவழி வகுப்புகளைப் பற்றி உறுதியாகச் சொல்லும் தகுதி எனக்கில்லை. இரண்டில் மட்டுமே உட்கார்ந்திருக்கிறேன், இரண்டும் பயிலரங்கின் நிறைகுறைகளையே கொண்டிருந்தன. சிறுவர்களை அழைத்து வருவோரைத் தோட்டத்தில் பார்க்கிறேன், ஆனால் என் அனுபவம் பெரியவர்களோடு மட்டுமே. விதைப் பரிமாற்ற நிகழ்வுகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை போகிறேன். அவற்றில் கலப்பின விதையா, நாட்டு இரகமா என்று கேட்டு வாங்க வேண்டும், ஏனெனில் கலப்பினச் செடியிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியைப் போலவே வளரும் என்று நம்ப முடியாது.

பல பருவங்களுக்கு வாரத்தில் ஒரு நாளை உறுதியாக ஒதுக்க இயலாதவர் பணிநாளில் சேர்ந்தால் தமக்கும் மற்றவர்களுக்கும் சுமையாகிவிடுவார். அவருக்கு ஆறுவார வகுப்பே பொருத்தம். அப்படிச் சேரும் முன் நடத்துகிறவர்களிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். வகுப்பில்லாத நாட்களில் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றும் முறையில் எங்களையும் சேர்த்துக்கொள்வீர்களா? ஆறாவது வாரத்துக்குப் பிறகும், காய் பறித்து முடியும் வரையாவது, அந்தப் பாத்தி எங்கள் பொறுப்பில் இருக்குமா? இரண்டுக்கும் ஆம் என்று விடை வந்தால், அந்த வகுப்பில் தயங்காமல் சேரலாம்.