பழைய வளவு வீடா, புது மனையா?

காரைக்குடிப் பக்கம் இப்போது சொத்து வாங்க நினைப்பவர்களுக்கு முன்னால் இரண்டு வழிகள்: ஊருக்குள் நடுமுற்றம் வைத்துக் கட்டிய பழைய நகரத்தார் வளவு வீடு, இல்லையென்றால் ஊருக்கு வெளியே புது மனை.

மனை விலை ஏறுவதற்குக் காரணம் தெளிவு. காரைக்குடி 2024-இல் மாநகராட்சியானது. வெளிநாட்டில் சம்பாதிப்பவர்களின் பணமும் வருகிறது. டிடிசிபி (நகர ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றும் சரியாக இருந்தால் வங்கிக் கடன் எளிது, பிறகு விற்பதும் எளிது.

பழைய வீட்டின் கணக்கே வேறு. அங்கே விலையைத் தீர்மானிப்பது சதுர அடி அல்ல, கையெழுத்து. ஒரு வீட்டுக்கு இருபது பங்காளிகள் கூட இருப்பார்கள். ஒருவர் சென்னையில், இன்னொருவர் சிங்கப்பூரில். ஒருவர் மறுத்தாலும் முழு வீடு கைக்கு வராது. மலிவாகத் தெரிவது அதனால்தான். கானாடுகாத்தானில் நான் பார்த்த வீட்டில் பர்மா தேக்குத் தூண்கள் அப்படியே நிற்கின்றன, ஆத்தங்குடித் தரைக்கல் பாதத்துக்குக் குளிர்ச்சி. ஆனால் இரண்டாம் கட்டில், அதாவது முற்றத்தைத் தாண்டிய பின்பகுதியில், ஓடு சரிந்து, மழைநீர் சுவரில் இறங்கியிருந்தது. அந்தச் சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்தான் வேண்டும்.

பத்திரச் செலவு இரண்டுக்கும் பொதுவாக ஒன்றே: முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%.

கடன் வாங்கித்தான் வாங்க வேண்டுமென்றால் மனையே சரி. கைப்பணம் இருந்து, எல்லாப் பங்காளிகளும் கையெழுத்திட்டு, நீங்களே குடியிருப்பதாக இருந்தால் வீட்டை இப்போதே வாங்குங்கள். தாமதித்தால் வீடு இடிபட்டு, அந்தத் தூண்களைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில்தான் பார்க்க வேண்டியிருக்கும்.