பழைய வீட்டுக் கணினியிலிருந்து சாலிட்டி நச்சுநிரலை அகற்றியது: ஐந்தாண்டு அனுபவம்

எங்கள் வீட்டு மேசைக் கணினி 2010இல் வாங்கியது. இன்டெல் பென்டியம் டூயல் கோர் செயலி, 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 7. ஓய்வுபெற்ற தமிழாசிரியரான அப்பா, ஊர்க் கோயில் திருப்பணிக் கணக்குகளையும் தம்முடைய பாடக் குறிப்புகளையும் பாமினி எழுத்துருவில் அதில்தான் தட்டி வைத்திருக்கிறார். பாட்டி காலத்து ஒளிப்படங்களை ஸ்கேன் செய்து சேமித்ததும் அதில்தான். 2019 ஜூனில் அந்தக் கணினியைச் சாலிட்டி என்னும் நச்சுநிரல் பிடித்தது. முழுமையாக அகற்ற ஏறத்தாழ ஐந்து வாரங்கள் ஆயின. அதற்கிடையில் இரண்டு முறை, போய்விட்டது என்று நம்பி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். சுத்தம் செய்த மறுநாள் எழுதும் அனுபவத்தை இந்த விஷயத்தில் நம்ப முடியாது என்பதை அப்போது உணர்ந்ததால், ஐந்து ஆண்டுகள் பொறுத்திருந்து இப்போது எழுதுகிறேன்.

முதலில் கண்ணில் பட்ட அறிகுறி பென் டிரைவில்தான். ஜெராக்ஸ் கடையில் கோயில் அழைப்பிதழை அச்சிட்டுக்கொண்டு வந்த அப்பா, வீட்டில் பென் டிரைவைத் திறந்தபோது கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டுகளாக இருந்தன. அதில் ஒன்றைச் சொடுக்கியிருக்கிறார். விண்டோஸ் 7இல் பென் டிரைவைச் செருகியதும் நிரல் தானாக ஓடாது. யாராவது ஒருவர் திறந்தால்தான் ஓடும். ஆனால் தம்முடைய கோப்புறையின் பெயரிலேயே ஒன்று தெரியும்போது ஒரு மனிதர் அதைச் சொடுக்காமல் என்ன செய்வார்? அப்பாவை நான் அன்று குறை சொல்லவில்லை, இன்றும் சொல்ல மாட்டேன். அவருடைய உண்மையான கோப்புறைகள் அழியவில்லை, மறைந்திருந்தன. கணினிக்கே உரிய கோப்புகள் என்பதுபோல் அவற்றுக்கு அடையாளம் இடப்பட்டிருந்ததால் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. கோப்புகளின் இத்தகைய அடையாளங்களை மாற்றும் ஆட்ரிப் (attrib) என்ற விண்டோஸ் கட்டளையால் அவற்றை நீக்கியதும் எல்லாம் திரும்ப வந்தன. ஷார்ட்கட் வைரஸ் வந்த பென் டிரைவை உடனே ஃபார்மட் செய்து கோப்புகளை இழந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்குத் தேவையே இல்லை.

ஷார்ட்கட்டோடு சிக்கல் முடிந்திருந்தால் ஒரு மணி நேர வேலை. மறுநாள், ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறக்கப் போனால், நிர்வாகி அதை முடக்கியிருக்கிறார் என்ற செய்தி வந்தது. விண்டோஸின் அமைப்புப் பதிவுகளைத் திருத்தும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரும் அப்படியே. ஆன்டிவைரஸின் படம் கீழ் மூலையிலிருந்து காணாமல் போயிருந்தது. ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்கவில்லை, மற்றவை எல்லாம் திறந்தன. மிகக் குறைந்த நிரல்களோடு மட்டும் கணினியை எழுப்பும் சேஃப் மோடில் ஏற்றிப் பார்க்கலாம் என்றால் நீலத்திரையில் வந்து நின்றது. இவை அனைத்தும் சேர்ந்து வந்தால் அது பெரும்பாலும் சாலிட்டிதான். சேஃப் மோடுக்கு வேண்டிய ரெஜிஸ்ட்ரி பதிவுகளையே அது அழித்துவிடும்.

சாலிட்டி 2003 முதல் அறியப்பட்ட நிரல். இவ்வளவு பழைய ஒன்று 2019இல் எப்படி உயிரோடு இருந்தது என்று எனக்கு வியப்பாக இருந்தது. அதன் பிற்கால வகைகளுக்குத் தலைமைச் சர்வர் என்று ஒன்று கிடையாது. பீடிக்கப்பட்ட கணினிகளே ஒன்றோடொன்று பேசிக்கொண்டு கட்டளைகளைக் கடத்துவதால், ஓரிடத்தைப் பிடித்து அணைத்துவிட முடியாது. இரண்டாவது காரணம் எங்கள் வீட்டுக்கு நேரடியாகப் பொருந்தியது: அது தனிக் கோப்பாக ஓர் இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. கணினியில் இருக்கும், இஎக்ஸ்இ என்று முடியும் நிரல் கோப்புகளுக்குள் தன்னை எழுதிக்கொள்கிறது. பிரிண்டர் டிரைவர், அகராதி மென்பொருள், பாட்டு கேட்கும் நிரல் என்று எதைத் திறந்தாலும் அதுவும் சேர்ந்து எழுகிறது.

இது தெரியாமல்தான் முதலில் ஏமாந்தோம். அருகிலிருந்த ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தபோது, சி டிரைவை மட்டும் ஃபார்மட் செய்து, விண்டோஸை மீண்டும் நிறுவி, டி டிரைவில் உள்ள தரவு பத்திரமாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பித் தந்தார்கள். நம் ஊரில் வழக்கமாகச் செய்வது இதுதான். பல சமயம் இது போதும். ஆனால் அந்த டி டிரைவில் "சாஃப்ட்வேர்" என்ற பெயரில், பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்த நிறுவல் கோப்புகள் இருந்தன. மூன்றாம் நாள் பிரிண்டர் டிரைவரை அங்கிருந்து நிறுவினேன். அன்று மாலையே டாஸ்க் மேனேஜர் மறுபடியும் முடங்கியது.

இரண்டாம் முறை, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளேயே சாலிட்டிக்கென்று இருந்த தனிக் கருவி ஒன்றை ஓட்டினேன். நூற்றுக்கணக்கான கோப்புகளைக் குணப்படுத்தியதாக அது சொன்னது. மறுமுறை ஓட்டியபோது அதே கோப்புகள் சில மீண்டும் பட்டியலில் வந்தன. ஒரு பக்கம் கருவி துடைக்க, இன்னொரு பக்கம் நினைவகத்தில் ஓடும் நிரல் மறுபடி எழுதிக்கொண்டிருந்தது. கருவியின் மேல் பிழை இல்லை. நோய் பிடித்த இயக்குதளத்தின் உள்ளே நின்றுகொண்டு அந்த இயக்குதளத்தைச் சுத்தம் செய்ய முயன்றதுதான் பிழை.

அதன்பின் வெளியிலிருந்து அணுகினேன். நண்பர் வீட்டில் நோயில்லாத கணினி ஒன்றில் காஸ்பர்ஸ்கி ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் ரெஸ்க்யூ டிஸ்க்கைப் பதிவிறக்கி டிவிடியில் பதிவு செய்தேன். பென் டிரைவில் போடாமல் டிவிடியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு: ஒருமுறை எழுதி மூடிய டிவிடியில் எந்த நச்சுநிரலும் தன்னை எழுதிக்கொள்ள முடியாது. அந்த வட்டு லினக்ஸ் அடிப்படையில் தானே இயங்குவது. அதிலிருந்து கணினியை ஏற்றும்போது ஹார்டு டிஸ்க்கில் உள்ள விண்டோஸ் உறங்கிக்கொண்டிருக்கும், சாலிட்டிக்கும் அசைய வழியில்லை. கணினி எந்த வட்டிலிருந்து முதலில் எழ வேண்டும் என்ற வரிசையைப் பயாஸில் மாற்றி, வைரஸ் பட்டியலைப் புதுப்பித்து, சி, டி இரண்டையும் முழுமையாகச் சோதிக்கவிட்டேன். எங்கள் வயதான ஹார்டு டிஸ்க்கில் ஓர் இரவு முழுவதும் ஓடியது. காலையில் பார்த்தபோது பீடிக்கப்பட்ட கோப்புகள் ஆயிரத்துக்கும் மேல் இருந்தன.

குணப்படுத்திய கோப்புகளை அப்படியே வைத்துக்கொள்வதா என்பதுதான் நான் மிகவும் யோசித்த இடம். வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இவ்வகை நிரல் உட்புகுந்த கோப்பு, குணப்படுத்திய பிறகும் பழைய நிலைக்கு அப்படியே திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது; சில திறக்கவே மறுக்கும். ஆகவே லினக்ஸ் வட்டிலிருந்தபடியே அப்பாவின் ஆவணங்கள், படங்கள், பாடல்கள் ஆகியவற்றை மட்டும் வெளி ஹார்டு டிஸ்க்குக்கு எடுத்தேன். இஎக்ஸ்இ, எஸ்சிஆர், பிஐஎஃப் என்று முடியும், நிரலாக ஓடக்கூடிய ஒரு கோப்பையும் எடுக்கவில்லை. ராம்னிட் போன்ற வேறு சில நச்சுநிரல்கள் எச்டிஎம்எல் பக்கங்களுக்குள்ளும் எழுதிக்கொள்ளும் என்பதால், சேமித்து வைத்திருந்த இணையப் பக்கங்களையும் விட்டுவிட்டேன். பிறகு ஹார்டு டிஸ்க்கின் பகுப்பு அட்டவணையையே அழித்துப் புதிதாகப் பிரித்து, அசல் டிவிடியிலிருந்து விண்டோஸ் 7ஐ நிறுவினேன். அப்பாவுக்குப் பிடித்த பழைய அகராதி மென்பொருள் ஒன்றை இதில் இழந்தோம். அதன் அசல் குறுந்தட்டு கிடைக்கவில்லை. அந்த இழப்பு இன்றும் எனக்கு வருத்தம்தான்.

மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்கள் அனைத்தையும் அந்த வாரமே கைபேசியிலிருந்து மாற்றினோம். பீடிக்கப்பட்ட கணினியில் உட்கார்ந்து கடவுச்சொல்லை மாற்றினால், புதிய சாவியையும் திருடன் கையில் கொடுத்ததாகிவிடும்.

ஐந்தாண்டுகள் கணினி தாங்கியதற்கு, அகற்றிய விதத்தைவிட அதன் பிறகு செய்த சில சிறு மாற்றங்களே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அப்பாவின் கணக்கு அதுவரை நிர்வாகி உரிமையோடு இருந்தது. அதைச் சாதாரணக் கணக்காக மாற்றினேன். கோப்பு வகையின் பின்னொட்டு எப்போதும் தெரியும்படி வைத்தேன். கோப்புறைபோலப் படம் காட்டும் கோப்பின் உண்மையான வகையைப் பெரும்பாலும் பின்னொட்டே காட்டிக்கொடுத்துவிடும். ஷார்ட்கட் வைரஸ்கள் பல, ஸ்கிரிப்ட் எனும் சிறு கட்டளைக் கோப்புகளை ஓட்டும் விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் வழியாகவே ஓடுவதால் அதை முடக்கினேன். ஜெராக்ஸ் கடைக்கென்று சிவப்பு நூல் கட்டிய தனிப் பென் டிரைவ் ஒன்றை ஒதுக்கினோம். அதில் அச்சிட வேண்டிய கோப்பு மட்டுமே இருக்கும்.

மாதம் ஒருமுறை மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோரன்ஸ் நிரலை ஓட்டுவேன். கணினி எழும்போது தாமாக எழும் நிரல்கள் எத்தனை இடங்களில் ஒளிந்திருக்க முடியுமோ அத்தனையையும் அது ஒரே பட்டியலில் காட்டுகிறது. சுத்தமான முதல் நாளின் பட்டியலைச் சேமித்துவைத்து, பின்னர் எடுக்கும் பட்டியலோடு ஒப்பிடலாம். புதிதாகச் சேர்ந்தவை தனித்துத் தெரியும். சந்தேகம் தரும் கோப்பை, பல ஆன்டிவைரஸ்களின் முடிவை ஒருங்கே காட்டும் வைரஸ்டோட்டல் தளத்தில் அங்கிருந்தே சரிபார்க்கவும் வழியுண்டு. ஆனால் இது எல்லாருக்கும் உரிய கருவி அன்று. பட்டியல் முழுவதும் ஆங்கிலத்தில், கலைச்சொற்களோடு இருக்கும். தேவையான ஒரு டிரைவரின் குறியை அறியாமல் எடுத்துவிட்டால் கணினி எழாமலே போகலாம். எதையும் அழிக்காமல், பார்க்க மட்டும் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

2020 ஆகஸ்டில் ஒரு சோதனை வந்தது. அதே சிவப்பு நூல் பென் டிரைவ், மறுபடியும் கோப்புறைகள் ஷார்ட்கட்டாக. அப்பா பழக்கத்தில் ஒன்றைச் சொடுக்கியும்விட்டார். ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் முடக்கப்பட்டிருக்கிறது என்ற செய்திப் பெட்டியோடு நின்றது. ஆட்டோரன்ஸ் பட்டியலில் புதிதாக எதுவும் சேரவில்லை. ரெஸ்க்யூ டிஸ்க்கைக்கொண்டு ஓர் இரவு சோதித்தபோதும் எதுவும் அகப்படவில்லை.

விண்டோஸ் 7க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரி 14உடன் நின்றன. பழைய ஸ்கேனரை நம்பி அதன் பின்னும் மூன்றாண்டுகள் அதில் இருந்தோம். வங்கி வேலை எதையும் அதில் செய்யாமல் பார்த்துக்கொண்டோம். 2023 பிப்ரவரியில் குரோமும் விண்டோஸ் 7ஐக் கைவிட்டது. அந்தக் கோடையில் ராமை 4 ஜிபியாக உயர்த்தி, ஓர் எஸ்எஸ்டி பொருத்தி, லினக்ஸ் மின்ட் இயக்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ என்னும் எளிய பதிப்புக்கு மாறினோம். ஸ்கேனர் தனி டிரைவர் எதுவும் இல்லாமலே வேலை செய்தது. பாமினி எழுத்துருவை நிறுவியதும் அப்பாவின் பழைய ஆவணங்கள் லிப்ரே ஆபிஸில் திறந்தன. வரிகள் சில இடங்களில் இடம் மாறியதைத் தவிரக் குறையில்லை. தட்டச்சுக்குத் தமிழ் 99 விசைப்பலகை முறையைப் பழக அவருக்கு இரண்டு மாதங்கள் ஆயின.

சென்ற மாதம் ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்த அப்பா, பென் டிரைவைச் செருகிவிட்டு எதையும் சொடுக்காமல் என்னைக் கூப்பிட்டார். லினக்ஸில் எல்லாம் திறந்து தெரிந்தன: தாம் கொண்டுபோன பிடிஎஃப் ஒன்று, அதனருகே தாம் போடாத பிஐஎஃப் கோப்பு ஒன்று, பென் டிரைவைச் செருகியதும் நிரலை ஓட்டச் சொல்லும் ஆட்டோரன் கோப்பு ஒன்று. "இது ரெண்டும் நம்மளுது இல்லப்பா" என்று விரலால் தொட்டுக் காட்டினார். இரண்டையும் அவரே அழித்தார்.